பச்சைக் கண்ணும் செம்மஞ்சள் எண்ணும்

சீகிரியாவைப் பராமரிப்பவர்கள் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு வேலைகளை ஒரே வளாகத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. பாறையின் மேற்கு முகத்தில், குடைவுக்குள் இருக்கும் ஓவியங்களுக்கு வெளிச்சமே பகை. அங்கே ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க விடமாட்டார்கள். 1967இல் யாரோ சாயம் பூசிச் சிதைத்து, ரோமிலிருந்து வல்லுநர் வந்து சீர்செய்த பிறகு, அந்தக் காவல் இன்னும் இறுகியது. கீழே நீர்த் தோட்டத்தில் இருக்கும் துளையிட்ட கல் ஊற்றுகளின் கதை வேறு. காசியப்பன் காலத்தில், அதாவது 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நிலத்துக்கு அடியில் அமைத்த வாய்க்கால்கள் வழியாக அவற்றுக்குத் தண்ணீர் வருகிறது. வண்டல் அடைத்தால் ஊற்று செத்துவிடும். தூர் வாரி விட்டிருப்பதால் நல்ல மழைக்காலத்தில் இன்றைக்கும் அவை பொங்குகின்றன. ஓவியத்தைப் புழங்காமல் காக்க வேண்டும், ஊற்றைப் புழங்கித்தான் காக்க வேண்டும்.

இந்தப் பாறையின் அடிவாரத்து ஊரில் இருந்துகொண்டு பழைய மின்னணு அளவைக் கருவிகளைச் சேர்ப்பவன் நான். ஒளிரும் கண்ணாடிக் குழல் உள்ள கருவிகள் மேல்தான் எனக்குப் பிரியம். அவற்றில் இரண்டு குலங்கள் உண்டு. ஒன்று, பச்சையாக ஒளிரும் ‘மேஜிக் ஐ’ வால்வு. மற்றது, செம்மஞ்சளாக எண் காட்டும் நிக்சி குழல். சேகரிப்பவர்கள் பலரும் இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்து ஒரே மாதிரித்தான் நடத்துகிறார்கள். அது தவறு என்பது என் உறுதியான எண்ணம். முதலாவது ஓவியத்தின் சாதி, இரண்டாவது ஊற்றின் சாதி.

மேஜிக் ஐ நம் ஆட்களுக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் ஆலன் டுமாண்ட் 1930களில் உருவாக்கிய எண்ணத்தை ஆர்.சி.ஏ. நிறுவனம் 1935இல் 6இ5 என்ற வால்வாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் பிலிப்ஸும் மற்றவர்களும் ஈ.எம். வரிசையில் அதைப் பெருக்கினார்கள்: வட்டக் கண்ணாக ஈ.எம்.34, விசிறியாக ஈ.எம்.80, நீண்ட பட்டையாக ஈ.எம்.84. கொழும்பில் 1925இல் தொடங்கிய ஒலிபரப்பு, போருக்குப் பின் ஏக்கலையில் இருந்த பெரிய சிற்றலை ஒலிபரப்பி கைக்கு வந்ததும் கடல் தாண்டியது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை ஆரம்பமானது. அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்திலும் மாத்தளையிலும் மட்டுமல்ல, மதுரையிலும் திருச்சியிலும் அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலுக்காகக் குமிழைத் திருகியவர்கள், வசதியான வீட்டுப் பெட்டியாக இருந்தால் அந்தப் பச்சைக் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டு திருகினார்கள். நிலையம் நழுவினால் கண் விரியும், சரியாக விழுந்தால் மூடும். எந்த எண்ணும் இல்லாமல் ஒரு முழுத் தலைமுறைக்கு மின்னணுவியலை வாசிக்கக் கற்றுக்கொடுத்தது அந்த வால்வு.

அதன் உள்ளமைப்பு எளிது. நடுவில் சூடேறும் காதோடு. அதைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி ஒரு தகடு, அதன் மேல் வில்லமைட் எனப்படும் துத்தநாக சிலிக்கேட் பூச்சு. தகட்டுக்கு 200, 250 வோல்ட் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் வந்து மோதி, பூச்சு பச்சையாக ஒளிரும். இடையில் ஒரு மெல்லிய கம்பி நிற்கிறது. அதன் வோல்டேஜைப் பொறுத்து எலெக்ட்ரான்கள் விலகிப் போக, தகட்டில் ஒரு நிழல் விழும். நிழலின் அகலம்தான் செய்தி. இதே வால்வுக்குள் அடங்கிய சிறு பெருக்கி, சமிக்ஞையின் வலிமைக்கேற்ப மாறும் வானொலியின் ஏ.வி.சி. வோல்டேஜை அந்தக் கம்பிக்குச் சேர்ப்பிக்கிறது. முள் இல்லை, சுருள் இல்லை, அசையும் பாகம் எதுவுமே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற அளவு எந்த மாற்றத்துக்கும் உடனே அசைவது நிழல் மட்டும்தான்.

வானொலியோடு நின்றிருந்தால் இது வீட்டு அலங்காரமாகவே போயிருக்கும். அளவைக் கருவி செய்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டதுதான் முக்கியம். பிலிப்ஸின் பிலோஸ்கோப், இங்கிலாந்தில் ஹண்ட் நிறுவனத்தின் பாலங்கள், அமெரிக்காவில் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் பெட்டியாக வந்த ஹீத்கிட் கண்டன்சர் செக்கர்கள் எல்லாவற்றிலும் முகப்பின் நடுவே இந்தக் கண்தான். தெரியாத கண்டன்சரை ஒரு பக்கமும் தெரிந்த அளவை மறுபக்கமும் வைத்து, குமிழைத் திருகிச் சமன் தேடும் வேலை அது. ஹீத்கிட் பெட்டியில் சமன் வந்ததும் நிழல் முழுதாக விரியும். அந்த இடத்தில் குமிழின் விளிம்பில் அச்சிட்டிருப்பதைப் படித்துக்கொள்ள வேண்டும். விடையைக் கருவி சொல்வதில்லை, ‘இங்கேதான்’ என்று மட்டும் சொல்லும். தேடுகிறவன் நாம்.

பழைய வால்வு ரேடியோ திருத்துகிறவனுக்கு இதைவிட நல்ல நண்பன் கிடையாது. ஒரே ஒரு கண்டன்சரை எடுத்துக்கொள்ளலாம்: முன் பெருக்கியின் பிளேட்டிலிருந்து கடைசி வால்வின் கிரிட்டுக்குப் போகும் மெழுகுக் காகிதக் கண்டன்சர். அதன் ஒரு முனையில் நூறு வோல்டுக்கு மேல் டீ.சி. நிற்கிறது. மறுமுனை கிரிட்டில். அரை நூற்றாண்டில் காகிதம் ஈரம் குடித்து, 5 மைக்ரோஆம்பியர் கசியத் தொடங்கியிருக்கும். கிரிட்டில் 5 லட்சம் ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தால், அந்தக் கசிவு அதில் 2.5 வோல்ட் நேர்மின் அழுத்தத்தை எழுப்பும். ஈ.எல்.84 மாதிரியான வால்வு ஏழெட்டு வோல்ட் எதிர்மின் அழுத்தத்தில் அடங்கி நிற்க வேண்டியது. அதில் 2.5 வோல்ட் போய்விட்டால் மின்னோட்டம் எகிறும், வால்வு பழுக்கும், கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். இன்றைய கையடக்க மல்டிமீட்டரால் இந்தக் கண்டன்சரைச் சோதித்தால் நல்லது என்றுதான் காட்டும், ஏனென்றால் அது கொடுக்கிற வோல்டேஜ் ஓரிரண்டு வோல்ட்தான். மாத்தளையில் நெடுங்காலம் ரேடியோ திருத்திய ஒரு பெரியவர் எனக்கு இதை ஒரே வரியில் சொன்னார்: “மீட்டருக்கு அது நல்ல கண்டன்சர்தான் தம்பி, செட்டுக்கு இல்ல.”

பச்சைக் கண் உள்ள செக்கரில் கசிவுச் சோதனைக்கு 600 வோல்ட் வரை படிப்படியாக ஏற்றலாம். ஏற்றிய நொடியில் கண்டன்சர் மின்னேற்றம் குடிக்கிறது, கண் சட்டென்று மூடுகிறது. நல்ல கண்டன்சரானால் அடுத்த கணம் நிழல் சோம்பல் முறித்து விரிந்துவிடும். கசிகிறதானால் கண் திறக்காது. பாதி கசிகிறதானால் 150 வோல்டில் திறந்து, 300இல் நடுங்கி, 400இல் மூடிக்கொள்ளும். அந்த நடுக்கத்தைப் பார்க்கும்போது எந்த இடத்தில் அந்தக் காகிதம் தோற்கிறது என்பதே கண்முன் தெரிகிறது. எண் மட்டும் காட்டும் எந்த மலிவுக் கருவியும் இன்றுவரை இதை எனக்குக் காட்டியதில்லை.

நிக்சி குழல் வேறு வீட்டுப் பிள்ளை. அது நம் கூடத்துக்கு வரவே இல்லை. பல்கலைக்கழக ஆய்வுகூடம், தொலைத்தொடர்பு நிலையம், ஒலிபரப்பு நிலையத்தின் பொறியியல் அறை என்று குளிரூட்டிய இடங்களிலேயே வளர்ந்து, பதிவேட்டிலிருந்து கழித்துவிட்டபின் ஏலத்தில் வெளியே வந்தது. நம்மில் பெரும்பாலோர் அதை முதலில் பார்த்தது பழைய சாமான் கடையில்தான்.

அமெரிக்காவில் பரோஸ் நிறுவனம் 1955இல் இதை வெளியிட்டது. கண்ணாடிக் குழலுக்குள் 0 முதல் 9 வரை எண் வடிவில் வெட்டிய பத்து மெல்லிய கம்பித் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முன்னால் வலைபோட்ட ஆனோடு. உள்ளே அழுத்தம் குறைந்த நியான். சூடேற்றும் இழை கிடையாது. ஏறக்குறைய 170 வோல்ட் கொடுத்து வேண்டிய எண்ணின் காதோடை இணைத்தால், அந்தத் தகட்டைப் போர்த்திக்கொண்டு வாயு செம்மஞ்சளாக ஒளிரும். எண்கள் அடுக்காக நிற்பதால் ஒன்று முன்னாலும் இன்னொன்று பின்னாலுமாக, ஆழத்தில் இடம் மாறி மாறி வரும். எண்ணிக்கை ஓடும்போது ஏற்படும் அந்த முன்பின் அசைவை எந்தத் தட்டைத் திரையும் தர முடியாது.

அதற்கு முந்தைய எண்ணிக்கைக் கருவிகளைப் பார்த்தவர்களுக்குத்தான் நிக்சியின் அருமை புரியும். ஹியூலெட் பாக்கார்ட் 1950களின் தொடக்கத்தில் 10 மெகாஹெர்ட்ஸ் வரை எண்ணும் 524ஏ என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதில் பெரும்பாலான இலக்கங்களுக்குத் தலா பத்து விளக்குகள் செங்குத்தாக நிற்கும். எது எரிகிறது என்று நெட்டுக்குத்தாகப் பார்த்துப் பார்த்து எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 1963இல் அதே நிறுவனம் தந்த 5245எல் டிரான்சிஸ்டரில் ஓடியது. 50 மெகாஹெர்ட்ஸ் வரை நேரடியாக எண்ணியது, எட்டு நிக்சி குழல்களில் ஒரே வரியாக விடையை எழுதியது. எட்டு இலக்கங்கள் நிதானமாக எரிந்து நிற்பதைக் கண்ட பொறியியலாளர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஒரு வினாடிக்கு வாயிலைத் திற, எத்தனை அலைகள் உள்ளே வந்தன என்று எண்ணு, மூடு, காட்டு. அவ்வளவுதான் அதன் சூத்திரம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்தால் முதலில் தட்டுப்படுவது வெளிச்சம். சீகிரியாப் பக்கத்து நண்பகலில், ஜன்னல் திறந்திருக்கும் அறையில் பச்சைக் கண்ணைப் பார்க்கவே முடியாது. கையைக் குவித்து நிழல் செய்துதான் பார்க்க வேண்டும். நிக்சியோ சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அறையின் மறுகோடியிலிருந்தும் படிக்கக் கிடைக்கும். அடுத்தது, கற்றுக்கொள்ள ஆகும் நேரம். நிக்சிக் கருவியைப் பள்ளிக்கூடப் பிள்ளை முதல் நாளே படித்துவிடும். பச்சைக் கண்ணின் நடுக்கம் எது, சோம்பல் எது, உண்மையான சமன் எது என்று பிரித்தறியப் பழக வேண்டும். இந்த இரண்டிலும் நிக்சி ஜெயிக்கிறது, சந்தேகமில்லை.

ஆனால் எண்ணுக்கு ஒரு குணம் உண்டு: தனக்குத் தெரியாததையும் அது தெரிந்த முகத்தோடு சொல்லும். அலை வடிவம் சற்றுக் கெட்டு, ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை உள்ளீட்டுக் கோட்டைத் தாண்டினால் கவுண்டர் இரண்டாக எண்ணிவிடும். 1000 ஹெர்ட்ஸ் 2000 ஆகத் தெரியும், எட்டு இலக்கமும் அசையாமல் நிற்கும். பார்க்கிறவர் நம்பிவிடுவார். பச்சைக் கண் இப்படி ஏமாற்றாது. சமிக்ஞை கெட்டிருந்தால் நிழலின் ஓரம் மங்கும், ஹம் கலந்திருந்தால் ஓரம் இரட்டிக்கும். அது குறைவாகச் சொல்கிறது. சொல்வதில் தன் ஐயத்தையும் சேர்த்தே சொல்கிறது.

இப்போது இரண்டும் முதுமை அடையும் விதம். என் பேச்சின் மையம் இதுதான்.

மேஜிக் ஐ வால்வில் தேய்வது காதோடு அல்ல, வில்லமைட் பூச்சு. எலெக்ட்ரான் மோத மோத அதன் ஒளிரும் திறன் குறைகிறது. பொதுவாக ஓராயிரம், இரண்டாயிரம் மணி நேரத்திலேயே மங்கல் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். வால்வின் மற்ற பகுதி நன்றாகவே இருக்கும், நிழல் சரியாகவே அசையும், ஆனால் பார்க்க வெளிச்சம் இருக்காது. போன பூச்சைத் திரும்பப் பெற வழியில்லை. தகட்டு வோல்டேஜை உயர்த்தினால் கொஞ்ச நாள் பிரகாசமாகத் தெரியும். அது மிச்சம் இருப்பதையும் சீக்கிரம் எரித்துவிடும். ஆகவே இதற்கு ஒரே மருந்து சிக்கனம். தகட்டுக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கம்பியில் ஒரு சிறு ஸ்விட்ச் போட்டுவிட வேண்டும். சமன் தேடும் அந்த அரை நிமிடத்துக்கு மட்டும் கண் திறக்கட்டும், மற்ற நேரம் இருட்டில் இருக்கட்டும். கருவியின் அசல் வயரிங்கை மாற்றக்கூடாது என்று வாதிடும் தூய்மைவாதிகளை நான் மதிக்கிறேன், ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்களோடு உடன்பட மாட்டேன். ஸ்விட்சைப் பின்னால் கழற்றிவிடலாம், பூச்சைத் திரும்பப் பூச முடியாது.

நிக்சியின் நோய் தலைகீழ். எரியும் எண்ணின் காதோடிலிருந்து உலோகத் துகள்கள் சிதறி, எரியாமல் நிற்கும் மற்ற எண்கள் மேல் படிகின்றன. உழைக்கிற எண்ணுக்குப் பெரிய கேடில்லை, அதன் பக்கத்தில் சும்மா நிற்கிற எண்ணுக்குத்தான் கேடு. நாளாக நாளாக அந்தச் சும்மா இருந்த எண்ணை அழைத்தால் பாதி மட்டும் ஒளிரும்: 8க்கு இடுப்பு இருக்காது, 3க்குக் கால் இருக்காது. இதைக் குறைக்கத்தான் குழலுக்குள் சிறிது பாதரசம் சேர்த்தார்கள். ஆரம்பக் குழல்களுக்குச் சில ஆயிரம் மணி நேரமே ஆயுள். பாதரசம் சேர்த்த பிற்காலக் குழல்களோ லட்சம் மணி நேரத்தையும் தாண்டும் என்று உற்பத்தியாளர்கள் சொன்னார்கள்.

பழைய கவுண்டர் வாங்கினால் நான் முதலில் பார்ப்பது இடப்பக்கக் கடைசிக் குழலை. எட்டு இலக்கக் கருவியை வாழ்நாள் முழுதும் சின்ன அலைவரிசைகளுக்கே பயன்படுத்தியிருந்தால், அந்தக் குழலில் 0 மட்டுமே எரிந்திருக்கும். மற்ற ஒன்பதும் அழுக்கேறி நிற்கும். வலப்பக்கக் கடைசிக் குழல் ஓயாமல் எல்லா எண்ணும் மாறி மாறி ஓடியதால் புத்தம் புதிதாக இருக்கும். ஒரே நாளில் ஒரே பெட்டியில் பொருத்திய இரண்டு குழல்கள், ஒன்று உழைத்து இளமையாக நிற்கிறது, ஒன்று சும்மா இருந்து நோயாளியாகிவிட்டது. அதிர்ஷ்டவசமாக இந்த நோய்க்கு மருத்துவம் இருக்கிறது. இரண்டு குழல்களின் இடத்தையும் மாற்றிவிடலாம். அழுக்கேறிய எண்ணைக் கொஞ்சம் கூடுதல் மின்னோட்டத்தில் சில மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டால், படிந்த துகள்கள் மெல்ல உதிர்ந்து, ஒளி ஓரத்திலிருந்து ஊர்ந்து வந்து எண்ணை மூடும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை.

நிக்சியின் உறவுக்காரரான டெக்கட்ரானிலும் இதே குணம். ஒரு வட்டத்தில் பத்து இடங்களுக்கு ஒளிப்புள்ளி தாவித் தாவி எண்ணும் அந்தக் குழல், புள்ளி ஒரே இடத்தில் நெடுநாள் நின்றால் ஒட்டிக்கொண்டு தாவ மறுக்கும். ஓட்டி ஓட்டித்தான் பழக்க வேண்டும். 1951இல் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் ஓடத் தொடங்கிய கணினியில் 828 டெக்கட்ரான்கள். நெடுங்காலம் கிடங்கில் கிடந்ததை எடுத்துச் சீர்செய்து, 2012 நவம்பரில் பிளெச்லி பார்க்கில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் மறுபடி ஓட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், பார்வையாளர் முன்னால் அதை ஓட வைத்துக் காட்டுகிறார்கள். அந்தச் சாதிக் குழல்களுக்கு அதுதான் சரியான காப்பகம்.

இரண்டு குலமும் ஒரே மேசையில் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். எந்தக் கவுண்டரும் தனக்குள் இருக்கும் படிகத்தை நம்பித்தான் நேரத்தை அளக்கிறது. பழைய கருவிகளில் ‘செக்’ என்று ஒரு நிலை இருக்கும். அதில் வைத்தால் தன் சொந்தப் படிகத்தைத் தானே எண்ணி 10000000 என்று காட்டும். இதைப் பார்த்துக் கருவி மிகத் துல்லியம் என்று மகிழ்ந்துபோனவர்கள் உண்டு. படிகம் எவ்வளவு விலகியிருந்தாலும் இந்த எண் மாறாது. விலகிய கோலால் அதே கோலை அளந்தால் எப்போதும் ஒரு கோல்தானே வரும். இந்த நிலையால் தெரியவருவது எண்ணும் சுற்றுகள் வேலை செய்கின்றன என்பது மட்டும். படிகம் சரியா என்பதற்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி வானத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சீனாவின் ஷான்சி மாகாணத்திலிருந்து பி.பி.எம். என்ற நிலையம் 10 மெகாஹெர்ட்ஸில் நேரக் குறிப்பை ஒலிபரப்புகிறது. அதன் அலைவரிசை அணுக் கடிகாரத்தோடு கட்டப்பட்டது. இரவில் மேஜிக் ஐ உள்ள வால்வு ரேடியோவின் சிற்றலையில் அதைப் பிடிக்கிறேன், ‘டக் டக்’ என்று வினாடிகள் விழுகின்றன. இப்போது கவுண்டரின் 10 மெகாஹெர்ட்ஸ் வெளியீட்டில் ஒரு துண்டுக் கம்பியைச் செருகி, ஏரியல் கம்பிக்குக் கிட்டே தொங்கவிடுகிறேன். வானத்து அலையும் பெட்டி அலையும் ரேடியோவுக்குள் கலக்கின்றன. இரண்டுக்கும் சில நூறு ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தால் ஒரு விசில் கேட்கும். படிகத்தின் திருகைத் திருப்பத் திருப்ப விசில் தணிந்து, காதுக்குக் கேட்காத ஆழத்துக்குப் போய்விடும். காது கைவிட்ட அந்த இடத்தில்தான் கண் வேலையைத் தொடங்குகிறது. பச்சை நிழல் திறந்து மூடுகிறது, திறந்து மூடுகிறது. இரண்டு வினாடிக்கு ஒருமுறை என்றால் 0.5 ஹெர்ட்ஸ் வித்தியாசம், அதாவது 2 கோடியில் ஒரு பங்கு. இன்னும் மெல்லத் திருப்பினால் பத்து வினாடிக்கு ஒருமுறையாகிறது: 10 கோடியில் ஒரு பங்கு. அதற்கு மேல் போவதில் பயனில்லை. அயனி மண்டலம் ஏறி இறங்குவதால் வானத்து அலையே அந்த அளவுக்கு ஊசலாடும், சமிக்ஞை மங்கித் தெளிவதும் கண்ணைக் குழப்பும். கோடியில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுவேன். எட்டு இலக்கம் காட்டும் பெட்டியின் கடைசி இலக்கத்தை, எண்ணே காட்டத் தெரியாத 1930களின் வால்வு வந்து சரிசெய்துவிட்டுப் போகிறது.

இந்த ஊருக்கென்று சில இடைஞ்சல்கள் உண்டு. யானை வேலியின் மின்துடிப்பு, வினாடிக்கு ஒன்று என்ற கணக்கில் போவது. மழைக்குப் பிறகு ஈரத் தழை கம்பியில் பட்டால் பொறி பறந்து, ரேடியோவில் ‘டிக்’ என்று கேட்கும், கண்ணும் அதற்குச் சிமிட்டும். நேரக் குறிப்பின் வினாடித் துடிப்போடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல் கட்டினால் ஏரியலைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். மாரிக்கால ஈரம் நிக்சியை ஒன்றும் செய்யாது, ஆனால் அதைத் தாங்கும் சாக்கெட்டில் கசிவு உண்டாக்கி, எரியக்கூடாத எண்ணை மங்கலாக எரியவைக்கும். இரண்டு எண் சேர்ந்து எரிந்தால் குழலைக் குறை சொல்லும் முன் சாக்கெட்டைத் துடைத்துக் காயவையுங்கள்.

இனி எனக்கு உண்மையிலேயே வலிக்கிற ஒரு விஷயம். நிக்சி கடிகாரம் இன்று உலகெங்கும் ஆசைப்பொருள். கடிகாரத்துக்காக நன்றாக ஓடும் கவுண்டர்களையும் வோல்ட்மீட்டர்களையும் உடைத்துக் குழலை மட்டும் பிடுங்கிக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போடுகிறார்கள். ஈ.எம்.34க்காகப் பழைய ரேடியோவை உடைப்பதும் நடக்கிறது. கடிகாரம் வேண்டுமானால் செய்யட்டும், அழகான பொருள்தான். ஆனால் அதற்குக் குழல் தனியாகக் கிடைக்கிறது. சோவியத் தொழிற்சாலைகள் மற்றவர்கள் நிறுத்திய பின்னும் நெடுங்காலம் ஐ.என்.12, ஐ.என்.14 போன்றவற்றைக் குவித்தன. அவற்றில் 5 என்பது தலைகீழாக்கிய 2 என்பதைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். செக் நாட்டில் டாலிபோர் ஃபார்னி என்பவர் பெரிய நிக்சி குழல்களைப் புதிதாகவே கையால் செய்து விற்கிறார். பச்சைக் கண்ணுக்கும் சோவியத்தின் 6இ5எஸ் கிடைக்கிறது. கருவியைக் கொல்லாமலே ஆசை தீர வழியிருக்கிறது. இன்னொன்று: கடிகாரமான நிக்சிக்கு மணியின் பத்தாம் இலக்கத்தில் 0, 1, 2 தவிர வேறு எண் வருவதே இல்லை. எல்லா எண்ணையும் ஓட்டிப் பார்க்கும் நிரல் எழுதாவிட்டால், மேலே சொன்ன அதே நோய் அந்தக் குழலைப் பிடிக்கும். நல்ல கடிகாரங்கள் நள்ளிரவில் எல்லா எண்ணையும் ஒருமுறை உருட்டுவது வேடிக்கைக்காக அல்ல.

புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் இளைஞர்கள் எதை முதலில் வாங்குவது என்று கேட்பதுண்டு. பலருக்கும் மனம் நிக்சியில்தான். நான் கண்டன்சர் செக்கரைத்தான் சொல்வேன், அதுவும் கண் ஓரளவு பிரகாசமாக உள்ளதை. ஏனென்றால் அடுத்து வாங்கும் எந்தப் பழைய கருவியையும் உயிர்ப்பிக்க அது வேண்டும். நிக்சிக் கவுண்டரின் மின்வழங்கியில் உள்ள கண்டன்சர்களையும் சேர்த்துத்தான். வாங்கியதும் நேரே 230 வோல்டில் செருகிவிடக் கூடாது. நெடுநாள் கிடந்த எலெக்ட்ரோலிடிக் கண்டன்சர் வெடிக்கும். கடைக்காரர்கள் வைத்திருக்கும் சீரிஸ் பல்பு போதும்: பல்பு பளீரென்று எரிந்து எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட், ஒருகணம் எரிந்து மங்கினால் மேலே போகலாம். அணைத்த பிறகும் உள்ளே 300 வோல்ட் காத்திருக்கும். ரெசிஸ்டன்ஸ் ஒன்றை வைத்து அதை இறக்கி, மீட்டரால் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும், அதுவும் ஒற்றைக் கையை.

பிறகு ஒரு வேலை மட்டும் பாக்கி. மேஜிக் ஐ உள்ள கருவியின் பின்பக்கத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, கண் எரிந்த நேரத்தைப் பென்சிலால் குறித்து வாருங்கள். நிக்சிக் கருவிக்கு அந்தக் காகிதத்தில் வேறு கணக்கு எழுத வேண்டும்: எந்தக் குழலில் எந்த எண் கடைசியாக எப்போது எரிந்தது என்று.